புல்வேலி எப்படி உறைகிறது?

இளஞ்சூட்டுப் பாலில் ஒரு கரண்டி தயிரை விட்டுக் கலக்கி, மூடி, ஓரமாக வைக்கிறோம். அடுத்த ஐந்தாறு மணி நேரம் பாத்திரத்துக்குள் ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. திறந்து பார்த்தால் பால் பாலாகவே இருக்கும். ஆனால் அந்தக் கரண்டித் தயிரில் வந்த நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைத் தின்று பெருகிக்கொண்டிருக்கின்றன. புளிப்பு ஓர் அளவை எட்டியதும், அதுவரை தனித்தனியே மிதந்த புரதம் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகிறது. பாதி நேரத்தில் பாத்திரத்தை ஆட்டியிருந்தால் அந்தப் பிணைப்பு அறுந்து, தண்ணீர் தனியே கட்டி தனியே நிற்கும்.

உயரமான புல்லை வரிசையாக நட்டு மறைப்பு எழுப்புவதும் இதே முறையில்தான் நடக்கிறது. நட்டவர் பார்ப்பது இலையை. வேலை நடப்பது மண்ணுக்குள். முதல் இரண்டு மாதம் புல் வளரவே இல்லையே என்று தோன்றும். அந்த இரண்டு மாதத்தில்தான் வேலி பிழைக்குமா என்பது முடிவாகிறது. உறை எப்படிப்பட்டது, பால் எந்தச் சூட்டில் இருந்தது, அசைக்காமல் விட்டோமா என்று தயிருக்குக் கேட்பதையே புல்லுக்கும் கேட்டால், நட்டது ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்பது ஏறக்குறைய முழுதும் விளங்கிவிடும். உரம் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதைக் கொல்லிமலையை மனதில் வைத்துச் சொல்கிறேன். நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது இந்த மலை. வீடு, தோட்டம், பாதை என எல்லாமே பெரும்பாலும் சரிவில். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில் ஒரு பெரும்பகுதி, கீழே உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக்கு மாறிவிட்டது. மரவள்ளியை அறுவடை செய்வதென்றால் கிழங்கைப் பிடுங்குவது; பிடுங்கும்போது மண்ணும் கிளறப்படுகிறது. அடுத்த மழைக்கு அந்த மண் சரிவில் இறங்குகிறது. இன்னொரு பக்கம், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் சுற்றுலா வண்டிகள் கூடக் கூட, சாலையோர வீட்டுக்கும் தங்கும் விடுதிக்கும் மறைப்பு தேவைப்படுகிறது. தகரம் அடிக்கலாம், பச்சை வலை கட்டலாம். இரண்டும் காற்றுக்குத் தாங்குவதில்லை, மண்ணைப் பிடிப்பதுமில்லை. புல்வேலி இரண்டு வேலையையும் செய்யும். மலையில் ஒரு மறைப்பு மண்ணைப் பிடிக்காமல் கண்ணை மட்டும் மறைத்தால் அதைப் பாதி வேலி என்றுதான் சொல்வேன்.

எந்த இடத்தில் நடுவது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சமவெளியில் ஆறடி மறைப்பு வேண்டுமென்றால் ஆறடிப் புல் வேண்டும். மலையில் கணக்கு வேறு. சாலை உங்கள் முற்றத்துக்குக் கீழே போகிறதென்றால், முற்றத்தின் விளிம்பில் இடுப்பளவு புல் இருந்தாலே போதும். கீழிருந்து மேலே பார்ப்பவரின் பார்வை அந்த விளிம்பிலேயே தடைபட்டுவிடும். சாலை மேலே போகிறதென்றால், மேலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு எந்தப் புல்லும் உங்கள் வாசலை மறைக்காது. அங்கே முள்ளில்லாத மூங்கில்தான் வழி. மூங்கிலும் புல் குடும்பம்தான், ஆனால் அதை நடும் முறையும் அது எடுத்துக்கொள்ளும் காலமும் தனி. ஆகவே நாற்று வாங்கப் போகும் முன் சாலையில் நின்று வீட்டைப் பாருங்கள். பாதிப் பேருக்கு அவர்கள் நினைத்த உயரம் தேவைப்படாது.

இடுப்பு முதல் ஆளுயரம் வரை என்றால் கொல்லிமலைக்கு நான் சொல்வது வெட்டிவேர். இலை ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை நிமிர்ந்து நிற்கும். பூந்தண்டு அதற்கும் மேலே போகும். ஓடிப் படராமல் குத்தாகவே இருக்கும். அமில மண், சரளை மண் இரண்டையும் தாங்கும். எல்லாவற்றையும் விட, தென்னிந்திய வகை பூத்தாலும் முளைக்கும் விதையை அநேகமாகத் தருவதில்லை. நட்ட இடத்தை விட்டு நகராது. வட இந்தியாவில் இயற்கையாக வளரும் வகை விதைபோடும் என்பதால், நாற்று வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்பது அவசியம்.

நாற்றுப் பண்ணைகளில் அழகுக்கு விற்கும் வெளிநாட்டுப் புற்களைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. வெள்ளைக் குஞ்சம் வைத்த பாம்பாஸ் புல் கலிபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் பரவி, இன்று களையாக நிற்கிறது. ஊதாக் கதிர் கொண்ட நீரூற்றுப் புல் ஹவாய்த் தீவுகளில் தீப்பிடிக்கும் காடாகவே மாறிவிட்டது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உண்ணிச்செடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகவே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத மலைக்காடு நம் பக்கம் அரிது. கொல்லிமலையின் சோலைகளுக்குப் பக்கத்தில், காற்றில் விதை பறக்கும் எந்தப் புல்லையும் அழகுக்காக நடக்கூடாது. கம்பு நேப்பியர் தீவனப்புல் வேகமாக எழும், மாடு உள்ளவர்களுக்குப் பயனும் உண்டு. ஆனால் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அறுக்க வேண்டிய பயிர் மறைப்பாக நிலைத்து நிற்காது.

இனி உறை. நேற்று உறைந்த தயிரிலிருந்து எடுத்தால் பால் நன்றாக உறையும். நாலு நாள் புளித்ததிலிருந்து எடுத்தால் உறைந்தும் உறையாமலும் நூலாக இழுக்கும். வெட்டிவேரிலும் இந்த வித்தியாசம் பெரிது. ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தால் நடுவில் பழைய தூர்கள், தடித்து, கட்டையேறி, பூத்து முடிந்தவை. விளிம்பில் இளம் தூர்கள், அடியில் வெளிர்ந்த வெள்ளையும் பச்சையுமாக. உறை விளிம்பில்தான் இருக்கிறது. பூத்த தூர் தன் வளர்ச்சியை முடித்துக்கொண்ட தூர்; அதன் நுனி மொட்டு கதிராகிப் போய்விட்டது. இளம் தூரின் வளரும் மொட்டு இன்னும் தரையை ஒட்டிப் பத்திரமாக, இலைமடல்களுக்குள் இருக்கிறது. விலை குறைவு என்று கட்டைத் தூர்களைக் கட்டுக்கட்டாக வாங்கி நட்டுவிட்டு, புல் சரியில்லை என்று சொல்பவர்கள் உண்டு. புல்லின் மேல் குற்றமில்லை.

உறை கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் பரவுவது போலவே வெட்டிவேரும் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. விதை இல்லாததால் தூர் பிரித்துக் கொடுத்தால்தான் அடுத்தவருக்கு. ஆடம்ஸ், டாஃபோர்ன் என்ற இருவர் 1990களின் பிற்பகுதியில் பல நாட்டு வெட்டிவேரின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தெற்காசியாவுக்கு வெளியே வெப்பமண்டலம் முழுக்க நிற்பதில் பெரும்பகுதி ஒரே ஒரு வகையின் நகல்தான் என்று தெரியவந்தது. யாரோ எங்கோ பிரித்துக் கொடுத்த ஒரு குத்தின் சந்ததி இவ்வளவு தூரம் போயிருக்கிறது. நம் ஊர் இதில் பின்தங்கியதும் இல்லை. 1980களில் உலக வங்கிக்காக இந்தியாவில் பணியாற்றிய ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்டு கிரிம்ஷாவும் மண் காக்க இந்தப் புல்வரிசையைப் பரப்ப முனைந்தபோது, கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டை உழவர்கள் அதற்கு வெகு முன்பிருந்தே வயல் எல்லையில் வெட்டிவேரை வரிசையாக வைத்திருந்தார்கள். கொல்லிமலையிலிருந்து அது எட்டாத தூரமும் இல்லை.

தூர்களைப் பிரித்த பின் செய்யும் வேலைதான் பலருக்கும் மனம் ஒப்பாதது. இலையை ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். வேரை மூன்று விரல்கடை விட்டுக் கத்தரிக்க வேண்டும். நன்றாக இருக்கும் நாற்றை ஏன் மொட்டையடிப்பது?

இலை ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத துளைகளின் வழியே தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. தரையில் இருந்தபோது அதை ஈடுகட்ட ஆயிரக்கணக்கான நுண் வேர்முடிகள் இருந்தன. பிடுங்கும்போது அவை அறுந்துவிடுகின்றன. குடிக்கும் வாய் போய்விட்டது, செலவழிக்கும் இலை அப்படியே இருக்கிறது. இலையைக் குறைத்தால் செலவு குறையும். மீதம் உள்ள ஒரு சாண் தண்டும் இலைமடலும் தமக்குள் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையைக் கொண்டு புது வேர் விடும் வேலையைத் தொடங்கும். அந்தப் புது வேர்கள் பழைய வேரின் நுனியிலிருந்து வருவதில்லை. தூரின் அடிக்கணுக்களிலிருந்து வருகின்றன. நீளமாக விட்டுவைத்த பழைய வேர் குழியில் மடங்கிக் கிடந்து அழுகும், அவ்வளவுதான். எனவே வேரின் நீளத்தைப் பார்த்து நாற்றை எடை போடாதீர்கள், அடிக்கணு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே ஈரமும் வெண்மையும் தெரிய வேண்டும்.

அறுத்த இலை எப்படித் திரும்ப வளரும் என்ற பயமும் வேண்டாம். மரக்கிளை நுனியில் வளரும். புல் இலை அடியிலிருந்து மேலே தள்ளப்பட்டு வளரும். மாடு மேய்ந்த புல் மறுபடி எழுவதும், நாம் வெட்டிய வேலி மறுபடி உயர்வதும் இந்த அமைப்பால்தான். அறுத்து முடித்ததும் வேர்ப்பகுதியைச் சாணிக் கரைசலில் முக்கி, ஈரச் சாக்கில் சுற்றி, நிழலில் வையுங்கள். அன்றே நடுவது நல்லது.

பாலின் சூடு என்ற கேள்வி கொல்லிமலையில் மற்ற எல்லாவற்றையும் விடக் கூடுதல் கவனம் கேட்கிறது. கீழே சேந்தமங்கலத்தில் இரவு மூடி வைத்த பால் காலையில் தயிர். மேலே செம்மேட்டில் மார்கழி மாதம் அதே பால் காலையிலும் பாலாகவே இருக்கும். அடுப்போரம் வைத்தால்தான் ஆகும். அந்த நுண்ணுயிர்களுக்கு வெப்பம் வேண்டும். வெட்டிவேருக்கும் அப்படியே. கரும்பையும் சோளத்தையும் போல, நல்ல வெயிலும் வெப்பமும் கிடைத்தால் மிக வேகமாகச் சர்க்கரை செய்து வளரும் புல் அது. குளிர்ந்தால் மந்தமாகும். நிழலிலும் மந்தமாகும்.

மலைக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. ஐப்பசி மழையில் மண் நன்றாக நனைந்திருப்பதைப் பார்த்து, அப்போது நட்டால் போதும் என்று தோன்றும். நட்ட நாற்று ஒரு மாதம் வேர் விடும். அதற்குள் மார்கழிக் குளிர் வந்துவிடும். தை முடிவதற்குள் மழையும் நின்றிருக்கும். ஆழமில்லாத வேரோடு மாசியையும் பங்குனியையும் சித்திரையையும் சந்திக்க வேண்டி வரும். ஆனியில் முதல் மழை மண்ணை நனைத்ததும் நட்டால் கதை வேறு. மண் சூடு இன்னும் தணியாத காலம், கூடவே ஈரம். ஐப்பசி மழை வரும்போது புல் அதை முழுக்கப் பயன்படுத்தும் அளவுக்கு வளர்ந்திருக்கும். குளிருக்கும் வறட்சிக்கும் ஐந்தாறு மாத வேரோடு போகும். ஐப்பசியில்தான் நட முடியும் என்ற நிலை வந்தால், முதல் கோடை முழுக்க வாரம் ஒருமுறையாவது தண்ணீர் கொண்டுபோய் ஊற்றும் உறுதி வேண்டும். அந்த உறுதி இல்லாதவர் அடுத்த ஆனி வரை காத்திருக்கலாம்.

நிழலைப் பொறுத்தவரை, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு அடியிலோ பலாவுக்கு அடியிலோ வெட்டிவேர் வரிசை சரிவராது. நோஞ்சானாக நீண்டு, இடையிடையே செத்து, பல்லிளிக்கும். அங்கே வடகிழக்கு மாநில மலைகளில் பயிராக்கும் துடைப்பப் புல்லை முயலலாம். அது ஓரளவு நிழல் பொறுக்கும்.

நடும் வரிசை, சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். கண்ணால் பார்த்துப் போட்டால் மட்டம் தவறும். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் இருந்தால் அரை நாளில் கோடு போட்டுவிடலாம். வரிசை ஒரு பக்கம் சாய்ந்தால் மழைநீர் அந்த மூலையில் சேர்ந்து உடைத்துக்கொண்டு ஓடும். ஓட்டம் புல்லையும் எடுத்துப் போகும். அரை அடி ஆழத்துக்குச் சால் பறித்து, மக்கிய தொழுவுரம் கலந்து, ஒரு குழிக்கு இரண்டு மூன்று தூர், குழிக்குக் குழி அரை அடிக்கு மேல் போகாமல் நட வேண்டும். மறைப்பு மட்டும்தானே என்று ஒன்றரை அடி விட்டு நடுபவர்கள் இருக்கிறார்கள். சமநிலத்தில் அது சரி. சரிவில் அந்த இடைவெளியெல்லாம் தண்ணீர் புகும் வாசல். பத்து மீட்டர் வரிசைக்கு அறுபத்தேழு குழி, ஏறக்குறைய நூற்றைம்பது தூர் ஆகும். ஒரு வருடம் நன்றாக வளர்ந்த குத்தில் முப்பது நாற்பது தூர் எளிதாகக் கிடைக்கும் என்பதால், ஐந்தாறு தாய்க்குத்து கையில் இருந்தால் போதும். பணம் கொடுத்து நூற்றைம்பது நாற்று வாங்குவதை விட, ஐந்தாறை வாங்கித் தோட்டத்தில் ஒரு வருடம் பெருக்கி, அடுத்த ஆனியில் வரிசை போடுவது சிக்கனமும் நல்ல உறைக்கு உத்தரவாதமும் ஆகும்.

தூரின் அடிப்பாகம் மண்ணுக்குள் ஓர் அங்குலம் போகுமாறு வைத்து, சுற்றிக் காலால் நன்றாக மிதியுங்கள். மண்ணுக்கும் கணுவுக்கும் நடுவே காற்று நின்றால் புது வேர் அந்த வெற்றிடத்திலேயே காய்ந்துபோகும்.

அதன் பின் ஆட்டக்கூடாது. ஆனியில் நடுவதில் ஒரு சிரமம் உண்டு. அடுத்து வருவது ஆடிக்காற்று. கணுவிலிருந்து புறப்படும் வேர் முதலில் நூல் போல மெல்லியது. இலை நீளமாக இருந்தால் காற்று அதைப் பிடித்து ஆட்டும், ஆட்டத்தில் அந்த நூல்கள் தினமும் அறும். பாத்திரத்தை மணிக்கொரு தரம் குலுக்கினால் தயிர் எப்போது உறையும்? இலையை ஒரு சாணாக அறுத்ததன் இரண்டாவது பயன் இங்கே தெரிகிறது. பிடித்துவிட்டதா என்று நாற்றை இழுத்துப் பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும். நடுக்குருத்தில் புதுப் பச்சை தெரிகிறதா என்று கண்ணால் பார்த்தாலே போதும். அது வந்துவிட்டால் வேரும் வந்துவிட்டது.

ஆடு, மாடு அடுத்த தொல்லை. முற்றிய வெட்டிவேரை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை, இளங்குருத்து அவற்றுக்குப் பிடிக்கும். கடித்து இழுக்கும்போது நாற்றே வேரோடு வந்துவிடும். முதல் மூன்று மாதம் முள் வெட்டிப் போட்டு அடைப்பது வேலை பிடித்த காரியம்தான், தவிர்க்க முடியாது. மரவள்ளிக் காட்டின் விளிம்பில் நடுகிறவர்கள் இரண்டடியாவது தள்ளி நட வேண்டும். நான்காம் மாதம் மரவள்ளி குடை விரித்ததும் பக்கத்துப் புல் வெயில் இல்லாமல் ஒடுங்கிவிடும். களையும் இதே கெடுதலைத்தான் செய்கிறது. முதல் இரண்டு மாதம் வரிசையின் இருபுறமும் ஓரடி அகலம் சுத்தமாக இருக்கட்டும். மூன்று நான்கு வாரத்தில் காய்ந்துபோன இடங்கள் தெரிந்துவிடும். மழை இருக்கும்போதே அங்கே பாடுவாசி நட்டுவிட வேண்டும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட ஓட்டையில் புது நாற்று பிழைப்பது கடினம். இருபுறமும் வளர்ந்த குத்துகள் அதன் வெயிலையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் நான்காம் மாதத்தில் புல் முழங்காலைத் தாண்டும்போது, இனி வளரட்டும் என்று விட ஆசை வரும். அப்போது ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிடுங்கள். வெளிச்சம் அடிவரை இறங்கினால் உறங்கும் பக்கமொட்டுகள் விழித்துத் தூர் கட்டும். உயரம் தானாக வரும். அடர்த்தியை நாம்தான் வரவழைக்க வேண்டும். அறுத்த இலையை வரிசையின் மேல்பக்கம் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். முதல் ஆண்டு முடிவில் இடுப்பளவும், இரண்டாம் ஆண்டில் இடைவெளி தெரியாத ஆளுயர மறைப்பும் எதிர்பார்க்கலாம். வேர் மூன்று மீட்டர் இறங்கும் என்று எல்லோரும் சொல்வது ஆழமான மண்ணில் உண்மை. கொல்லிமலையில் ஓரடியில் பாறை தட்டும் இடங்கள் நிறைய. அங்கே வேர் பாறையின் விரிசல்களைத் தேடி ஓடும். பிடிமானம் இருக்கும், ஆனால் வறட்சிக்கு அந்தப் புல் சீக்கிரம் மஞ்சளாகும்.

தயிரோடு இந்த ஒப்புமை இங்கே முடிகிறது. தயிர் உறைந்ததும் வேலை முடிந்தது. பிறகு புளிக்க மட்டுமே செய்யும். புல்வரிசையின் பெரிய வேலை உறைந்த பிறகுதான் தொடங்குகிறது. மேலிருந்து வரும் மழைநீர் வரிசையில் மோதி வேகம் குறைந்து, சுமந்து வந்த மண்ணை அங்கேயே இறக்கிவிட்டு, தெளிந்த நீராக இலைகளுக்கு நடுவே கசிந்து போகும். இறங்கிய மண் புல்லின் அடியை மூட மூட, மூடிய கணுக்களிலிருந்து புது வேர் புறப்படும். புல் மண்ணோடு சேர்ந்து மேலே ஏறும். சில ஆண்டுகளில் வரிசையின் மேல்பக்கம் மண் சேர்ந்து ஒரு படி உருவாகியிருக்கும். கல் அடுக்காமலே அமைந்த வரப்பு அது. அந்தப் படியில் சாமையோ காய்கறியோ போட்டால் மண் போகாது.

பராமரிப்பு அதிகமில்லை. வருடத்துக்கு இரண்டு முறை, மழை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும், வேண்டிய உயரத்துக்கு வெட்டுங்கள். நான்கைந்து ஆண்டில் குத்தின் நடு காய்ந்து கறையான் ஏறலாம். காய்ந்ததைக் கழித்துச் சுத்தம் செய்தால் விளிம்புத் தூர்கள் உள்நோக்கி நிரம்பும். நாற்றுக்குத் தூர் வேண்டுமென்றால், முழுக்குத்தைப் பெயர்க்காமல் கீழ்ப்பக்க விளிம்பிலிருந்து மட்டும் கடப்பாறையால் பிரித்தெடுங்கள்.

வேரை மட்டும் தோண்டக்கூடாது. வெட்டிவேர் என்றாலே நமக்குத் தண்ணீர்ப் பானையும் நறுமணமும் நினைவுக்கு வரும். கடலூர்ப் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் அந்த வேருக்காகவே பயிர் செய்து, ஒரு வருடத்துக்கு மேல் விட்டுத் தோண்டி எடுக்கிறார்கள். சமமான மணலில் அது முறையான விவசாயம். சரிவில் நிற்கும் வேலியின் வேரைத் தோண்டினால், மண்ணைக் கட்டிவைத்த அதே வேரை அறுத்து, மண்ணையும் கிளறி, அடுத்த மழையின் கையில் கொடுப்பதாகும். வேர் வேண்டும் என்பவர்கள் வீட்டுப் பின்புறம் பழைய சிமென்ட் சாக்குகளில் மணலும் தொழுவுரமும் நிரப்பி நாலு தூர் தனியாக நட்டு வைக்கலாம். ஒன்றரை வருடத்தில் சாக்கைக் கிழித்தால் வேர் சேதமில்லாமல் கைக்கு வரும், வேலியின் மேல் யாரும் கை வைக்க வேண்டியிருக்காது.